கிளாக்கர் ஐயா வார்த்த மெழுகுவர்த்தி

உடப்புசல்லாவைக்கு மேலே, பஸ் திரும்பிப் போகும் இடத்திலிருந்து இரண்டு மைல் ஏறினால் வருகிற தோட்டத்து ஆபீசில், பெரிய கிளாக்கர் கந்தப்பன், தோட்டத்தை நடத்துகிற துரையின் மேசைக்கு முன்னால் இருபத்திரண்டு வருடமாக நின்றுகொண்டிருந்தார். மேசைக்கு எதிரே மூன்று நாற்காலிகள் உண்டு. கொழும்பிலிருந்து தோட்டத்தைப் பார்வையிட வருகிற வெள்ளைக்காரர் ஒன்றில் உட்காருவார். பொலிஸ் இன்ஸ்பெக்டர் வந்தால் இன்னொன்றில். மூன்றாவதில் துரையின் நாய் படுத்திருக்கும். கந்தப்பன் நான்கு துரைமாரைப் பார்த்துவிட்டார், நாய்களில் ஆறு. ஒருவரும் அவரை உட்காரச் சொன்னதில்லை.

அதை அவர் ஒரு குறையாக நினைத்ததும் இல்லை. "பெரிய கிளாக்கர்னா நிக்கணும். ஒக்காந்தா அதிகாரம் போயிரும்" என்று கங்காணிமாரிடம் சொல்வார். சொல்லும்போது அவர் உட்கார்ந்திருப்பார், கங்காணிமார் நின்றுகொண்டிருப்பார்கள். அவருடைய அறையில் ஒரே ஒரு நாற்காலிதான். கோட்டுப் பையில் இரண்டு பேனா. ஒன்றில் மை இருக்கும், மற்றது மரியாதைக்கு.

இப்படி நிம்மதியாக நின்றுகொண்டிருந்தவருடைய வாழ்க்கையில், 1963 நவம்பரில், ஒரு பெண் உட்கார்ந்தாள்.

அவள் பெயர் நாகலெட்சுமி. ஸ்டோர் என்று எல்லோரும் சொல்கிற தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்த இராமையாவின் மனைவி. கந்தப்பன் வீட்டுக்கு எதிர் வீடு. இரண்டுக்கும் நடுவே ஒரு முற்றமும் ஒரு தண்ணீர்க் குழாயும்.

அந்த வருடம் வெளிநாட்டுச் சாமான்களுக்கு அரசாங்கம் கதவைச் சாத்தியிருந்தது. நுவரெலியாவின் பெரிய கடைகளிலேயே அலமாரிகள் பல் போன வாய் மாதிரி இருந்தன. துரையின் பங்களாவுக்குப் பெட்டி பெட்டியாக வந்துகொண்டிருந்த சீமை மெழுகுவர்த்தியும் நின்றுபோனது. பங்களாவில் மின்சார வெளிச்சம் இல்லாமல் இல்லை. ஆனால் விருந்தாளிகள் வந்தால் துரையின் மனைவி துரைசாணிக்கு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்தான் சாப்பாடு இறங்கும். பல்புக்குக் கீழே உட்கார்ந்து சூப் குடிப்பது ரயில்வே ஸ்டேஷனில் குடிப்பது மாதிரி என்பது அவளுடைய கருத்து. மிச்சம் இருந்தவையோ கட்டைவிரல் நீளத் துண்டுகள். வெள்ளித் தாங்கிகளில் உருகி உறைந்துபோன மெழுகு வேறு.

அப்பு என்று எல்லோரும் கூப்பிடுகிற பங்களா சமையல்காரன் மூக்கனுக்கு ஒரு யோசனை வந்தது. நாகலெட்சுமி வீட்டில் மெழுகுவர்த்தி தீர்ந்துபோவதே இல்லை என்பதை அவன் கவனித்து வைத்திருந்தான்.

அவள் ஒரு சொட்டு மெழுகையும் விடமாட்டாள். எரிந்த கட்டை, மேசையில் சிந்தியது, தட்டில் உறைந்தது எல்லாவற்றையும் சுரண்டி ஒரு ஜாம் டின்னில் சேர்ப்பாள். டின் நிறைந்ததும் அதைத் தண்ணீர்ச் சட்டிக்குள் வைத்து அடுப்பில் ஏற்றி உருக்குவாள். நேரே நெருப்பில் வைக்கமாட்டாள். பழைய வேட்டித் துணியில் வடிகட்டினால் கரித்திரியும் பூச்சிகளும் துணியோடு போய்விடும். விரல் தடிப்பு மூங்கிலை நீளவாட்டில் பிளந்து, உள்ளே தேங்காயெண்ணெய் தடவி, திரும்பவும் சேர்த்துக் கட்டி, அடியைக் களிமண்ணால் அடைப்பாள். மூன்று இழை நூலை முறுக்கி மெழுகில் தோய்த்து, நடுவில் விறைப்பாக நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவாள். அப்புறம் அந்தப் பக்கமே போகமாட்டாள். அவசரப்பட்டால் நடுவில் பள்ளம் விழும். கட்டை அவிழ்த்தால் புது மெழுகுவர்த்தி.

மூக்கன் ஒரு கூடைத் துண்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்தான். பன்னிரண்டு மெழுகுவர்த்தி திரும்பி வந்தது. துரைசாணி அவளைப் பங்களாவுக்குக் கூப்பிட்டனுப்பினாள்.

மறுநாள் காலையில் இந்தச் செய்தியைத் தோட்டத்துக்கு அறிவித்தவர் இராமையா. தண்ணீர்க் குழாயடியில், பல்குச்சியோடு.

"கேட்டீங்களா கிளாக்கர்? நேத்து நம்ம வீட்டுல பங்களாவுக்குப் போயிருந்தாங்க. தொரசாணி நாற்காலி போட்டு ஒக்கார வச்சிட்டாங்க."

கந்தப்பன் வாயில் இருந்த தண்ணீரைத் துப்பினார். "ஸ்டூலா இருக்கும்."

"நாற்காலிங்க."

"பொம்பளைங்களுக்கு அந்த வித்தியாசம் தெரியாதுங்க டீமேக்கர். காலு நாலு இருந்தா நாற்காலிம்பாங்க."

"முதுகு சாயிறதுக்கு எடம் இருந்துச்சாம். சாஞ்சும் பாத்தாங்களாம்."

அன்றைக்குக் கந்தப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. பொறாமை என்பது தமக்குக் கீழே வேலை பார்க்கிறவர்களுக்கு வருகிற வியாதி என்று அதுவரை நினைத்திருந்தார். அதனால் தமக்கு வந்திருப்பது இன்னதென்று தெரியாமல், வாயுத்தொல்லை என்று முடிவுகட்டி, இஞ்சிச்சாறு குடித்தார். இஞ்சிக்கு அது கேட்கவில்லை. துரை முன்னால் நிற்கப் போனால், இருபத்திரண்டு வருடம் வாய் திறக்காத முழங்கால் இரண்டும் வலித்தன. மூன்றாவது நாற்காலியில் நாய் ஒரு கண்ணைத் திறந்து அவரைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

உண்மையை விசாரித்துவிடுவது என்று பங்களாத் தோட்டத்து வேலியோரம் மூக்கனை மடக்கினார்.

"ஏம்ப்பா அப்பு, டீமேக்கர் சம்சாரம் ஒக்காந்ததாச் சொல்றாங்களே, அந்த நாற்காலிக்குக் கை இருந்துச்சா?"

மூக்கன் முள்ளங்கியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தான். "கை இருந்துச்சுங்க. ஒரு கை இருந்துச்சு."

கந்தப்பனுக்குக் 'கை இருந்துச்சு' வரைக்கும்தான் காதில் விழுந்தது. "எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி நேரம் இருக்குங்க. எந்திரிக்கவே இல்ல."

"தொரசாணி?"

"மூணு தடவை வந்து வந்து பாத்தாங்க. ரொம்ப சந்தோசம் அவங்களுக்கு."

இரண்டு மணி நேரம்! மூன்று தடவை! உலகத்தில் மெழுகை உருக்கத் தெரிந்தவர்கள் உட்காருகிறார்கள், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நிற்கிறார்கள். இந்த அநியாயத்துக்கு ஒரே வழிதான் இருந்தது. டிசம்பர் இருபத்திநாலாம் தேதி பங்களாவில் பெரிய விருந்து. டிக்கோயாவிலிருந்தெல்லாம் துரைமார் வருகிறார்கள். அந்த மேசைக்குரிய மெழுகுவர்த்தியை யார் கொண்டுபோய் நீட்டுகிறாரோ அவருக்கு நாற்காலி. அது தாமாக இருக்க வேண்டும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, துரை பார்க்க, துரைசாணி சொல்லி, உட்கார வேண்டும். அதற்குப் பிறகு வேண்டுமானால் ஆயுள் முழுக்க நிற்கலாம்.

உடப்புசல்லாவை பஜாரில் ஹமீத் நானாவின் கடைக்குப் போனார்.

"மெழுகுதிரியா?" என்று ஹமீத் சிரித்தார். "ஐயா, ஒசரத்துல ஒரு பெட்டி கெடக்கு. எலி கடிச்சது. பரவாயில்லையா?"

"எலி எவ்வளவு கடிச்சது?"

"எலிக்கும் இம்போர்ட் சாமான்னா உசிருங்க. பதினொண்ணு மிச்சம் வச்சிருக்கு. கோயிலுக்கா ஐயா?"

"ஆபீசுக்கு."

"ஓ. டீமேக்கர் அம்மாவும் வந்தாங்க, நூல் மட்டும்தான் வாங்கினாங்க. அவங்க கையில என்னமோ இருக்குங்க. எங்க வீட்டுக்காரி கமறியாகூடச் சொல்லுது, அந்தம்மாகிட்ட..."

"பெட்டியக் கட்டுங்க நானா" என்றார் கந்தப்பன். கமறியா என்ன சொன்னாள் என்பது கடைசிவரை அவருக்குத் தெரியாமலே போயிற்று.

பதினொரு எலிக்கடி மெழுகுவர்த்தி போதாது. அவர் மனதில் இருந்த மெழுகுவர்த்தி விரல் தடிப்பு அல்ல. பெரிய கிளாக்கர் கொடுப்பது பெரிய கிளாக்கர் மாதிரி இருக்க வேண்டும். கூரையிலிருந்து மழைத்தண்ணீர் இறங்குகிற தகரக் குழாயில் ஒன்றரை அடி நீளத்தில் இரண்டு துண்டு வெட்டிவைத்திருந்தார். அதை நிரப்ப மெழுகு வேண்டும். நேரே பங்களாவின் பின்வாசலுக்குப் போய் மூக்கனிடம் கேட்டார்.

"இருந்த துண்டெல்லாம் அந்தம்மாவுக்கே குடுத்தாச்சுங்களே" என்றான் மூக்கன்.

கந்தப்பனின் கண் சாமான் அறைக்குள் போயிற்று. மண்ணெண்ணெய் டின் ஒன்று நிறையச் சிவப்பாக மெழுகு.

"அப்ப இது என்ன?"

"மெழுகுதாங்க. ஆனா இது தரைக்குப் போடறதுங்க. பழைய மெழுகோட காவியும் டர்பன்டைனும் கலந்து நானே காய்ச்சினது. வராந்தாவுல தடவி தேங்கா மட்டையால தேய்ச்சா மொகம் பாக்கலாம்."

அந்த மலைநாட்டுப் பங்களாக்களின் சிவப்புச் சிமெந்துத் தரை அப்படித்தான் பளபளத்தது. கந்தப்பன் அந்தத் தரையில் இருபத்திரண்டு வருடமாகத் தம் முகத்தைப் பார்த்து வந்தவர்தான். ஆனால் பொறாமைக்காரனிடம் உண்மையைச் சொன்னால் அது சாக்காகத்தான் கேட்கும்.

"அவங்களுக்குன்னா கூடை கூடையா எறக்குவ. எனக்குன்னா டர்பன்டைன் கலந்திருக்கு, இல்ல?"

"மோந்து பாருங்க ஐயா."

மார்கழிச் சளியில் கந்தப்பனின் மூக்கு இரண்டு பக்கமும் அடைத்திருந்தது. கடமைக்கு ஒரு தடவை மோந்தார். "ஒரு வாடையும் இல்ல. தூக்கிட்டு வா."

மூக்கன் நாற்பது வருடமாகப் பெரிய மனிதர்களுக்குச் சமைத்தவன். அவர்களிடம் ஒன்றை எத்தனை தடவை சொல்லலாம் என்பது அவனுக்குத் தெரியும். "ஐயா சொன்னா சரிங்க" என்று டின்னைத் தூக்கினான்.

ஞாயிற்றுக்கிழமை வார்ப்பு வேலை நடந்தது. கந்தப்பனின் மனைவி தெய்வானை அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க இது, வீடே பங்களா வராந்தா மாதிரி மணக்குது?"

"பின்ன? பங்களா சரக்கு."

"தண்ணிச் சட்டிக்குள்ள வச்சு உருக்குங்க. நாகலெட்சுமி அப்படித்தான்..."

அந்தப் பெயர் வந்ததுதான் தாமதம். கந்தப்பன் டின்னை எடுத்து நேரே நெருப்பின்மேல் வைத்தார். டின் ஒரு நிமிடம் பொறுமையாக இருந்தது. பிறகு குபீரென்று கூரை வரைக்கும் எழுந்தது. தெய்வானை நனைந்த சாக்கை எறிந்து அணைத்தாள். கந்தப்பனுக்கு இடது புருவம் இல்லை.

"இப்ப தண்ணிச் சட்டி எடுக்கவா?" என்று கேட்டாள் தெய்வானை.

கந்தப்பன் தலையை மட்டும் ஆட்டினார்.

எலிக்கடி மெழுகுவர்த்திகளையும் அதோடு சேர்த்து உருக்கியாயிற்று. திரிக்கு நூல் முறுக்குவது பெண்கள் வேலை என்று, ஆபீசில் பைல் கட்டுகிற நாடாவை நடுவில் தொங்கவிட்டார். ஊற்றினார். இரண்டு நாள் போயும் குழாய்க்குள் அது கூழாகவே இருந்தது. மூன்றாம் நாள் குழாய்களை வெளியே மதில்மேல் நிறுத்திவைத்தார். அந்த வாரம் உடப்புசல்லாவைப் பக்கம் புல்லில் உறைபனி விழுந்த வாரம். விடிந்து பார்த்தால் மெழுகு இரும்பாகியிருந்தது. தகரத்தை வெட்டி உரித்தார்கள். உள்ளே, சிவப்பாக, ஒன்றரை அடி உயரத்தில், குழாயின் மடிப்புத் தழும்போடு இரண்டு மெழுகுவர்த்திகள்.

"குளிர்லயே இருக்கட்டும்" என்று அவற்றை முற்றத்தைப் பார்த்த ஜன்னல் விளிம்பில் வைத்தார். குளிர் ஒரு காரணம். முற்றம் இன்னொரு காரணம்.

இராமையா வந்து பார்த்தார். சுற்றிவந்து பார்த்தார்.

"இது என்ன கிளாக்கர், பந்தக்காலா?"

"மெழுகுவர்த்தி. கிறிஸ்மஸ்சுக்குச் செவப்புதான் விசேஷம். வெள்ளை, சாதாரண நாளைக்கு."

இராமையா தம் வீட்டைப் பார்த்தார். வீட்டுக்குள் நாகலெட்சுமி எட்டு வெள்ளை மெழுகுவர்த்திகளைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். இந்தச் சிவப்பு இரண்டுக்கும் பக்கத்தில் அவை தீக்குச்சி. இராமையாவின் முகம் சுருங்கியது. அதைப் பார்த்த கந்தப்பனுக்கு ஒரு மாதமாக இருந்த வாயுத்தொல்லை அந்த நிமிடமே நின்றது.

இருபத்திநாலாம் தேதி காலை பத்து மணிக்கு, தாம்பாளத்தில் இரண்டையும் படுக்கவைத்து, மேலே சரிகைத் துண்டு போர்த்தி, கந்தப்பன் பங்களாவின் முன்படிகளில் ஏறினார். மலை முழுக்க மூடுபனி. அதனால் பெரிய அறையில் கணப்பில் விறகு மூட்டியிருந்தார்கள்.

"ரொம்ப நல்ல! ரொம்பப் பெரிய!" என்று துரைசாணி தனக்குத் தெரிந்த தமிழில் கைதட்டினாள். இரண்டையும் கணப்புக்கு மேலே இருந்த பலகையில், பித்தளைக் கடிகாரத்துக்கு இரண்டு பக்கமும் நிறுத்தினாள். பலகைமேல் அவளுடைய தாயார் பின்னிய வெள்ளை லேஸ் விரிப்பு.

துரை பத்திரிகையைத் தாழ்த்தினார். "கிளாக்கர், நீ செஞ்சதா?"

"என் கையாலயே, சேர்."

"நல்லது."

வழக்கமாக இந்த 'நல்லது'க்குக் கந்தப்பன் படியிறங்கியிருப்பார். இன்றைக்கு நகரவில்லை. அறையில் எட்டு நாற்காலிகள். அவருக்கு எது விதித்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். மெத்தை வைத்தது வேண்டாம், அது பேராசை. ஜன்னலோரத்துப் பிரம்பு நாற்காலி போதும். இரண்டு கையும் இருந்தது அதற்கு. துரை பத்திரிகையை உயர்த்தினார். கிளாக்கர் போகவில்லை என்று தெரிந்து மறுபடி தாழ்த்தினார். துரைசாணி சிரித்தாள். கந்தப்பனும் சிரித்தார். கணப்பில் விறகு வெடித்தது.

முதலில் கவனித்தது நாய். அது எழுந்து பலகையைப் பார்த்துக் குரைத்தது.

வலது பக்கத்து மெழுகுவர்த்தி இடுப்புக்கு மேலே மெல்ல முன்னால் சாய்ந்துகொண்டிருந்தது. அவசரமே இல்லாமல், மிகுந்த மரியாதையோடு, துரை உட்கார்ந்திருந்த திசையில் குனிந்தது. கொஞ்சம் பொறுத்து இடது பக்கத்ததும் குனிந்தது. இரண்டும் தலை பலகையில் படுகிற அளவுக்கு வளைந்து நின்றன. அத்தனை நேர்த்தியாக அந்த அறையில் யாரும் சலாம் போட்டதில்லை, கந்தப்பன் உட்பட. அப்புறம் சிவப்பாக ஒழுகத் தொடங்கின. லேஸ் விரிப்பு, கடிகாரம், கீழே விருந்துக்கு எடுத்துவைத்திருந்த வெள்ளித் தாங்கிகள், எல்லாவற்றின்மேலும்.

துரைசாணி போட்ட சத்தத்தில் மூக்கன் ஓடி வந்தான். ஒரு தடவை பார்த்தான். "தரைப் பாலீசுங்க" என்றான்.

துரைக்குத் தமிழ் அரைகுறை. ஆனால் தரை தெரியும், பாலீஷ் தெரியும். அவர் சிரிக்கத் தொடங்கி, கண்ணில் தண்ணீர் வந்து, பத்திரிகையால் முகத்தை மூடிக்கொண்டார். துரைசாணி சிரிக்கவில்லை. மாலையில் பதினாலு பேர் வருகிறார்கள்.

"நாகலெட்சுமி. சீக்கிரம் கூப்பிடு" என்றாள் மூக்கனிடம். பிறகு கந்தப்பனைப் பார்த்தாள். துரை முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "கிளாக்கர். நீ போட்டது. நீயே எடு."

மூக்கன் அவரைப் பின்கட்டுக்கு, பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு, அழைத்துப் போனான். தாங்கிகளையும் கடிகாரத்தையும் லேஸையும் ஒரு பலகையில் கொண்டுவந்து வைத்தான். மழுங்கிய கத்தி ஒன்றைக் கையில் கொடுத்தான். "நின்னுகிட்டுச் செய்ய முடியாதுங்க, இடுப்பு போயிரும். ஒக்காருங்க" என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

கந்தப்பன் உட்கார்ந்தார். பின்னல் தொங்கிப்போன பழைய பிரம்பு நாற்காலி. சாய்ந்துகொள்ள முதுகு உண்டு. கை ஒன்றுதான் இருந்தது. மற்றது ஒடிந்து, அந்த இடத்தில் கயிறு சுற்றியிருந்தது.

அவர் அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தபோது நாகலெட்சுமி வந்து சேர்ந்தாள். எட்டு மெழுகுவர்த்திகளை மூக்கனிடம் கொடுத்தாள். பலகையைப் பார்த்தாள். கந்தப்பனின் ஒற்றைப் புருவத்தைப் பார்த்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"டீமேக்கர் அம்மா" என்றார் கந்தப்பன், குரலைத் தாழ்த்தி. "அன்னைக்கு நீங்க ஒக்காந்தது..."

"இதேதாங்க கிளாக்கர் ஐயா. பாத்து ஒக்காருங்க, அந்தப் பக்கம் சரிஞ்சீங்கன்னா கவுத்துரும்."

"ரெண்டு மணி நேரம்!"

"பின்ன? பன்னெண்டு தாங்கிங்க. ஒரு வருசத்து மெழுகு. நகமெல்லாம் போச்சு."

"தொரசாணி மூணு தடவை வந்து பாத்தாங்கன்னு..."

"முடிஞ்சிருச்சான்னு பாக்க வந்தாங்க."

அவள் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வெந்நீர் கொண்டுவரச் சொன்னாள். "கத்தியால வெள்ளியக் கீறாதீங்க ஐயா. வெந்நியில துணிய முக்கி ஒத்தடம் குடுங்க, அதுவா விட்டுக்கும். அந்த லேசை எங்கிட்ட குடுங்க."

கந்தப்பன் ஒத்தடம் கொடுத்தார். ஒரு தாங்கி முடிந்ததும், "உங்க வீட்டு ஐயா நாற்காலின்னு ஊரெல்லாம் சொன்னாரே" என்றார்.

"ஒக்காந்தியான்னு கேட்டாரு. ஒக்காந்தேன்னேன். எங்கன்னு கேக்கல." லேஸில் இருந்த காவிக் கறையைச் சவர்க்காரம் போட்டுக் கசக்கினாள். "அவ்வளவு சந்தோசப்பட்டாரு. நான் எப்படிங்க சொல்றது, பின்கட்டுலன்னு? சம்பந்தி வீட்டுக்கெல்லாம் கடுதாசி போட்டுட்டாரு."

"நான் யாருக்கும் சொல்லமாட்டேன்."

"நீங்க சொல்லமாட்டீங்கன்னு தெரியும்ங்க" என்று அவருடைய கையில் இருந்த சிவப்பைப் பார்த்தாள். "நானும் சொல்லல."

மூக்கன் இருவருக்கும் தேநீர் கொண்டுவந்தான். கந்தப்பன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சுரண்டினார். ஒவ்வொரு நிமிடமும் அந்தக் கதவு வழியாக யாராவது வந்துவிடுவார்களோ என்று எழுந்து நிற்கவே அவருக்கு ஆசையாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது தெய்வானை வாசலிலேயே நின்றாள். "என்னங்க, என்ன ஆச்சு? ஒக்கார வச்சாங்களா?"

இந்தக் கேள்விக்குக் கந்தப்பன் வழியெல்லாம் பதில் தயாரித்திருந்தார். பொய் சொல்ல வேண்டியதே இல்லை என்பதுதான் அதன் சிறப்பு.

"ஒக்கார வச்சாங்க. ஒரு மணி நேரம்."

"சாமி! தனியாவா?"

இந்தத் துணைக்கேள்விக்குத் தயாரிப்பு இல்லை. "டீமேக்கர் அம்மாவும் வந்திருந்தாங்க."

தெய்வானையின் முகத்தில் இருந்த வெளிச்சம் அப்படியே நின்றது. "அவங்களும் ஒக்காந்தாங்களா?"

"ஆமா."

"பக்கத்துலயா?"

"எதிர்ல. கொஞ்சம் பக்கத்துல."

"ஒரு மணி நேரம் ரெண்டு பேரும் ஒக்காந்து என்னங்க பேசினீங்க?"

"சும்மா. பொதுவா."

"பொதுவா!" என்றாள் தெய்வானை. "எங்கிட்டப் பொதுவா ஒரு மணி நேரம் பேசினதுண்டா நீங்க? கல்யாணமாகிப் பத்தொன்பது வருசம். மெழுகு உருக்கினது எதுக்குன்னு இப்பல்ல புரியுது. புருவம் போனாலும் பரவாயில்லன்னு நின்னீங்களே! எதிர் வீட்டு ஜன்னலுக்கு நேரா வேற கொண்டுபோய் வச்சீங்க!"

கந்தப்பன் வாயைத் திறந்தார். உண்மையைச் சொன்னால் பெண்டாட்டி சமாதானமாவாள், நாற்காலி போய்விடும். சொல்லாவிட்டால் நாற்காலி இருக்கும். வீட்டில் நிம்மதி போய்விடும். ஒரு மனிதன் இருபத்திரண்டு வருடம் நின்று சம்பாதித்தது எது என்று யோசித்துப் பார்த்தார்.

வாயை மூடிக்கொண்டார்.

தெய்வானை கண்ணைத் துடைத்தாள். "நீங்க சொல்லமாட்டீங்க. நான் அவங்களையே கேட்டுக்கறேன்" என்று செருப்பைக்கூடப் போடாமல் முற்றத்தைக் கடந்து எதிர் வீட்டுக்குள் போனாள்.

கந்தப்பன் ஜன்னலோரம் நின்றார். எதிர் வீட்டிலிருந்து முதலில் அழுகைச் சத்தம் கேட்டது. பிறகு தணிந்த பேச்சு. அப்புறம் சிரிப்பு, ஒருத்தி தொடங்க, இன்னொருத்தி சேர்ந்துகொள்ள, மூச்சுத் திணறுகிற சிரிப்பு.

தெய்வானை வந்தபோது அவள் கண் இன்னும் சிவந்திருந்தது, வேறு காரணத்தால். "பாவம்ங்க, எவ்வளவு சொரண்டினீங்களாம்" என்றாள். "கையக் காட்டுங்க. தேங்காயெண்ண தடவுனா போயிரும். பயப்படாதீங்க, டீமேக்கருக்குத் தெரியாது. நாங்க ரெண்டு பேரும் சத்தியம் பண்ணியிருக்கோம்."

கந்தப்பனுக்கு நாற்காலி போனது வலித்தது. ஆனால் எதிர் வீட்டுக்காரியும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்தாள் என்ற நினைப்பு அந்த வலியில் எண்ணெய் தடவியது. இருவரும் ஒன்று. யாரும் யாருக்கும் மேலே இல்லை. அவர் கையை நீட்டினார்.

தெய்வானை நகக்கண்ணில் எண்ணெய் தேய்த்தாள். "ஆனா ஒண்ணு சொன்னாங்க" என்றாள் சாதாரணமாக. "அன்னைக்கு அவங்க சொரண்டி முடிச்சதும் தொரசாணி தன் கையாலயே தேத்தண்ணி கொண்டாந்து குடுத்தாங்களாம். இன்னைக்குத்தான் மூக்கன் கொண்டாந்தானாம்."

கந்தப்பன் கையை மெல்ல இழுத்துக்கொண்டார். மூக்கன் அவருக்குக் கொடுத்தது விளிம்பு பெயர்ந்த எனாமல் குவளை.

"எந்தக் கோப்பையில?" என்று கேட்டார்.